பிஸ்கட் டின்னில் ஒரு குடும்ப அட்டை

போன மாதம் ஒரு மழை நாள். கோத்தகிரியில் மழை பிடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் என் ஜெராக்ஸ் கடையில் வேலை நின்றுவிடும், அதனால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாட்டி குனிந்து உள்ளே வந்தார். பின்னாலேயே இடுப்பில் குழந்தையோடு அவருடைய பேரன் மனைவி. பாட்டி கையில் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஒரு பழைய பிஸ்கட் டின். மூடி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, ஸ்பூன் காம்பை விட்டு நெம்பித்தான் திறந்தோம்.

உள்ளே இருந்தது அவர்களுடைய குடும்ப அட்டை. ரேஷன் கார்டைச் சொல்லவில்லை. சிலோனிலிருந்து இந்தியக் குடியுரிமையோடு கப்பல் ஏறிய குடும்பங்களுக்கு, அங்கே கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் மூலமாகக் கொடுத்த அட்டை அது. நாலாக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, ஒரு துண்டு தனியாகவே கிடந்தது. வீட்டுத் தலைவர் பெயர், கூட வந்தவர்கள் பெயர், வயது, இந்தியாவில் பூர்வீக ஊர். "இதைப் படம் புடிச்சுக் குடு கண்ணு, ஆனா மெஷினுக்குள்ள விட்டுறாத, முழுங்கிரும்" என்றார் பாட்டி.

கரண்ட் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை பேசிக்கொண்டிருந்தோம். அதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து, தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கிற கங்காணிகள் கூட்டிப் போய் இலங்கை மலைத் தோட்டங்களில் இறக்கிய ஜனங்களின் வாரிசுகள் இவர்கள். காப்பிப் பயிர் போட்டார்கள், காப்பி நோய் வந்து அழிந்ததும் தேயிலை போட்டார்கள். நாலு தலைமுறை உழைத்த பிறகு, 1948-ல் சுதந்திரம் வந்த அதே வருடம் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, இவர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டார்கள்: மொத்தம் 9,75,000 பேர், அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். அந்த மீதியை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மனிதர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடு மாட்டைப் பங்கு பிரிக்கிற மாதிரிதான் இது நடந்தது, இதற்கு வேறு நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

பாட்டி 1973-ல் வந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாட்கள். அப்புறம் அட்டையில் என்ன ஊர் எழுதியிருக்கிறதோ அங்கே போகச் சொன்னார்கள். இவர்களுக்கு முசிறிப் பக்கம், வியாபாரக் கடன் என்று எழுதியிருந்தது. கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் மட்டுமே தெரிந்த குடும்பத்துக்கு, வெயில் கொளுத்துகிற ஊரில் கடை வைக்கச் சொல்லி ஒரு தொகை. எட்டு மாதம்தான் தாங்கியது. "தேயில இருக்கிற எடம் எதுன்னு கேட்டோம், நீலகிரின்னாங்க, பஸ் ஏறிட்டோம்" என்றார் பாட்டி. இப்படி வந்தவர்கள்தான் இங்கே ஏராளம். இவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது, 1976-ல் அது டான்டீ என்கிற கழகமானது, கூடலூர், பந்தலூர் பக்கம் சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் என்று காடு திருத்தித் தேயிலை நட்டதெல்லாம் இந்தக் கைகள்தான். ஆனால் எல்லோருக்கும் டான்டீயில் இடம் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்கள் கோத்தகிரி, குன்னூர், ஊட்டி என்று சிதறி, உருளைக்கிழங்குக் காட்டிலும் முட்டைக்கோஸ் காட்டிலும் தினக்கூலிக்கு நின்றார்கள்.

அப்பாவின் மளிகைக் கடை அப்போது மார்க்கெட் பக்கம் இருந்தது. அந்தக் கடைக் கடன் நோட்டுகளில் நாலைந்து இன்னமும் என்னிடம் இருக்கின்றன. 1974-ஆம் வருட நோட்டில் ஒரு பக்கத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். மேலே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "சிலோன் வீடு 3". கீழே "கோதுமை மா 2 கிலோ, சீனி கால் கிலோ, பாண் 1". அப்பா காரமடைக்காரர், அவர் வாயில் மாவு மாவுதான், சர்க்கரை சர்க்கரைதான். ரொட்டிக்குப் பாண் என்கிற வார்த்தையே இவர்கள் வந்த பிறகு கற்றுக்கொண்டது. ஏன்ப்பா இப்படி எழுதினீங்க என்று ஒருநாள் கேட்டேன். "அவங்க படிச்சுப் பாக்கணும்ல, நான் எழுதுனது அவங்களுக்குப் புரியலன்னா ஏமாத்துறேன்னு நெனைப்பாங்க" என்றார். கடப்பாரை கேட்டு வந்தவர் அலவாங்கு என்று கேட்க, அப்பா புரியாமல் முழித்து, அவர் சுவரில் குத்துவது போல் சைகை காட்டி, கடைசியில் இரண்டு பேரும் சிரித்த கதையைச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருட நோட்டில் "சிலோன் வீடு 3" இல்லை. அந்த இடத்தில் பாட்டியின் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, அதுவும் முழுப்பெயர், இனிஷியலோடு.

இதைச் சொல்லும்போது எல்லோரும் அப்பாவைப் போல் இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கூலியைப் பாதியாகக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். குழாயடியில் கடைசியில் நிற்கச் சொன்னார்கள், வீடு வாடகைக்குக் கேட்டால் "சிலோன்காரங்களுக்கு இல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதே சமயம் தன் தோட்டத்து ஓரத்தில் நாலு குடிசை போட்டுக்கொள்ள இடம் விட்ட படுகர் வீட்டுப் பெரியவரையும் பாட்டி இன்றைக்கும் "எங்க கவுடர்" என்றுதான் சொல்கிறார். அந்த வீட்டுச் சாவுக்கு, சிலோனிலிருந்து வந்தவர்கள் இருக்கிற காலனியே போய் நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. எங்கள் தாத்தா காரமடையிலிருந்து இந்த மலைக்கு ஏறியது 1956-ல். பாட்டி குடும்பம் வந்தது 1974-ல். பதினெட்டு வருடம்தான் வித்தியாசம். எங்களை யாரும் இதுவரை எந்த ஊர்க்காரர்கள், எப்போது வந்தீர்கள், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டதில்லை. நான் கோத்தகிரிக்காரி, அவ்வளவுதான். இந்த மலையில் ஆதியிலிருந்து இருக்கிற தோடர், கோத்தர், குறும்பர், இருளர் கேட்டால் நியாயம் உண்டு, அவர்களும் கேட்கவில்லை. ஆனால் பாட்டியின் பேரன் இங்கேதான் பிறந்தான், இங்கேதான் படித்தான், இங்கேதான் ஜீப் ஓட்டுகிறான், அவனைக் குறிப்பிட வேண்டி வந்தால் இன்றைக்கும் ஸ்டாண்டில் "அந்த சிலோன் பையன்" என்கிறார்கள். அவன் இலங்கையைப் பார்த்ததே இல்லை.

அவனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கிய கதையைச் சொல்கிறேன். 2011-ல் பாலிடெக்னிக் சேரச் சான்றிதழ் தேவைப்பட்டது. இங்கே ஓர் அலுவலகத்தில், உங்கள் பூர்வீகம் திருச்சி மாவட்டம், அங்கே போய் வாங்குங்கள் என்றார்கள். அங்கே போனால், நீங்கள் இங்கே குடியிருக்கவில்லையே, குடியிருக்கிற ஊரில் வாங்குங்கள் என்றார்கள். பந்து மாதிரி இரண்டு முறை மலை இறங்கி ஏறினார்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் கூலி போச்சு. தாயகம் திரும்பிய குடும்பங்களில் பட்டியல் சாதியினர் கணிசம். சான்றிதழ் இல்லை என்றால் உதவித்தொகை இல்லை, இட ஒதுக்கீடு இல்லை. படிப்பு அங்கேயே நின்றுபோன பிள்ளைகளை இந்தக் கடையிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது முறை நானும் கூடப் போனேன். மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர், திருச்சி, அங்கிருந்து முசிறி, முசிறியிலிருந்து ஒரு டவுன் பஸ். அட்டையில் எழுதியிருந்த ஊரில் இறங்கி ஒரு டீக்கடையில் விசாரித்தோம். கண்டிக்குப் போனவங்க வீடு என்று சொன்னதுமே கடைக்காரருக்குப் புரிந்தது. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் போனவர்கள், இன்னும் அந்த ஊரில் "கண்டிக்குப் போனவங்க" என்று ஒரு பெயர் இருக்கிறது! ஆனால் உறவு என்று காட்டப்பட்ட வீட்டில் யாரும் உட்காரச் சொல்லவில்லை. திண்ணையில் நின்றுகொண்டே பேசினோம். பாகம் கேட்டு வந்திருக்கிறோம் என்று பயந்துவிட்டார்கள் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. "ஐயா, ஒரு சென்ட் நிலம் வேணாம், இவங்க தாத்தா உங்க ஊர்னு ஒரு வார்த்தை வந்து சொன்னாப் போதும்" என்றேன். உள்ளேயிருந்து ஒரு பெரியவர், தொண்ணூறு வயது இருக்கும், கைத்தடியோடு வந்து பாட்டியைப் பார்த்தார். பாட்டியின் அப்பாவுக்கு ஊரில் இருந்த பட்டப்பெயரைச் சொல்லி, "அவன் மகளா நீ?" என்றார். பாட்டி அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பட்டப்பெயர் எந்த அட்டையிலும் இல்லை, பாட்டியும் அதை அவருடைய அம்மா கோபத்தில் சொல்லிக் கேட்டதோடு சரி.

அந்தப் பெரியவர் மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் முன்னால் வந்து நின்று சொன்னார். வேலை முடிந்தது. இரண்டு வருடம் தாள் தாளாக எழுதி நடக்காதது, ஒருவர் நேரில் வந்து "இவங்க எங்க ஆளுங்க" என்று சொன்னதில் நடந்தது. இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். என் கடையில் மனு எழுதித் தருகிறேன், பிரிண்ட் எடுத்துத் தருகிறேன், எல்லாம் சரி, ஆனால் மனுவைக் கையில் கொடுத்து அனுப்புவதும் கூடவே போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல. கூட ஒரு உள்ளூர் ஆள் உட்கார்ந்திருந்தால் அதே அலுவலகத்தில் அதே நபர் பேசுகிற தொனியே மாறுகிறது. அப்படி இருக்கக் கூடாதுதான். ஆனால் இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதான்.

இப்போது அந்த மழை நாளுக்கு வருகிறேன். டின் இந்த முறை பேரனுக்காக வரவில்லை, அவன் மனைவிக்காக வந்திருந்தது.

அந்தப் பெண் பாட்டியின் சொந்த அக்காவின் பேத்தி, மகள் வழி. அவனுக்கு முறைப்பெண்தான். அக்காவும் தங்கையும் ஹட்டன் பக்கம் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பராவில் (அறையில்) இருந்தவர்கள். இரண்டு பேரும் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டார்கள். தங்கைக்கு முதலில் வந்தது, கப்பல் ஏறினார். அக்காவுக்கு இழுத்துக்கொண்டே போனது. 1977 கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தார்கள், அக்கா குடும்பம் வவுனியா பக்கம் ஓடிப்போய்க் காடு வெட்டிக் குடியேறியது. 1983-க்குப் பிறகு சண்டை, 1984-ல் கப்பலும் நின்றுபோனது. 1990-ல் வவுனியாவிலும் இருக்க முடியாமல் மன்னார் வந்து, ராத்திரியில் படகு ஏறி வந்து சேர்ந்தார்கள். அதே மண்டபம் முகாம்தான். ஆனால் தங்கை அங்கே தாயகம் திரும்பியவர், அக்கா அகதி. அங்கிருந்து பவானிசாகர் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள், இந்தப் பெண் பிறந்தது அங்கேதான், 1998-ல்.

பாட்டிக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாராவது இவர்களை அகதி என்றால் அப்படிக் கோபம் வரும். "நாங்க அகதி இல்ல, பாஸ்போட்டு வச்சு டிக்கெட்டு வாங்கி வந்தவங்க" என்று சண்டைக்குப் போவார். நானே நூறு தடவை கேட்டிருக்கிறேன். பேரனுக்கு இந்தப் பெண்ணைக் கட்டிவைத்த நாளிலிருந்து பாட்டி வாயில் அந்த வசனம் வருவதில்லை.

சட்டத்தில் இது எப்படிச் சிக்குகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பல பேருக்கு இது தெரியாது. இந்தியாவில் பிறந்துவிட்டால் இந்தியர் என்பது 1987 ஜூலை 1-க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தால், ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, இன்னொருவர் சட்டவிரோதமாக வந்தவராகவும் இருக்கக் கூடாது. படகில் வந்த ஜனங்களைச் சட்டம் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. இந்தியக் குடிமகனைக் கல்யாணம் செய்தவர்கள் பதிவு செய்து குடியுரிமை வாங்க வழி இருக்கிறது, ஆனால் அந்த வழியும் சட்டவிரோதம் என்று பெயர் வாங்கியவர்களுக்கு இல்லை. முகாமில் பிறந்து, முகாம் பள்ளியில் படித்து, பவானிசாகர் அணையைத் தவிர வேறு கடலைப் பார்க்காத இந்தப் பெண் எந்த எல்லையைத் தாண்டி வந்தாள்? அந்தக் குழந்தை, மூன்று வயது, என் கடையில் ஸ்டேப்ளர் பின்னைப் பொறுக்கிக்கொண்டிருந்ததே, அதன் கதி என்ன என்பதே எழுத்தின்படி சந்தேகத்தில் இருக்கிறது.

நல்ல செய்தி இல்லாமல் இல்லை. மலையகத்திலிருந்து, அதாவது இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து, வந்து முகாம்களில் இருக்கிறவர்கள் விஷயத்தில், இவர்கள் பூர்வீகமே இந்தியாதான், குடியுரிமைக்கு மனுக் கொடுத்தால் அதைப் பரிவோடு பரிசீலியுங்கள் என்று 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்திய பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உத்தரவு வந்தது, அவர் 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டார். 2021-ல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்கிற பெயரையே மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, இடிந்துகொண்டிருந்த வீடுகளைப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்கு முன்னால் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனை கிடையாது என்று மத்திய அரசு விலக்குக் கொடுத்தது. தண்டனை இல்லை என்பது சரி. குடியுரிமை இல்லை என்பதும் அப்படியே இருக்கிறது.

எனவேதான் டின். தங்கையின் அட்டையில் இருக்கிற அப்பா பெயரும் பூர்வீக ஊரும்தான் அக்காவுக்கும். அக்கா எழுதிப் போட்ட விண்ணப்பத்துக்கு வந்த ரசீதும் அதே டின்னில் இருந்தது, 1970 என்று தேதி போட்டு, மங்கலாக ஆனால் படிக்கிற மாதிரி. அக்கா செத்துப்போகும் முன் முகாமிலிருந்து தங்கைக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார், பத்திரமாக வை என்று. கரண்ட் வந்ததும் கிழிந்த துண்டுகளை ஒரு ஓஎச்பி ஷீட்டுக்கு (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளுக்கு) அடியில் சேர்த்து வைத்து, மூடியை அழுத்தாமல், ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்தேன். அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ரசீதில் பாட்டியின் அக்கா பெயர் பெரிதாகத் தெரிந்தபோது, "அக்கா, இது எங்க அம்மாச்சி கையெழுத்துங்களா?" என்றாள். கைநாட்டு அது. கையெழுத்து இல்லை, கட்டைவிரல் ரேகை. அவள் தன் விரலைத் திரையில் அந்த ரேகை மேல் வைத்துப் பார்த்தாள்.

அவள் இங்கே வந்து நாலு வருடமாகிறது. முதல் வருடம் யாரோடும் பேச மாட்டாள், முகாமில் இருந்த பழக்கத்தில், அங்கே ஆள் இருக்கிறார்களா என்று கணக்கெடுக்கிற செக்கிங் நாள் வந்தால் பதறிப்போய் பவானிசாகர் ஓடுவாள். காலனிப் பெண்களுக்குள்ளேயே சிலர் அவளை "கேம்ப்பு பொண்ணு" என்றார்கள், தங்களைச் சிலோன்காரங்க என்று சொன்னபோது வலித்ததெல்லாம் மறந்துபோய். எனக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது. மாற்றியது என்னவோ மாசி மாதம், மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்துதான். ரதி வேஷத்துக்கு ஒப்பாரி சொல்ல ஆள் இல்லை, பழைய ஆட்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவள் அம்மாச்சியிடம் கேட்டது முழுக்க மனப்பாடம். பின்னால் நின்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தவள் விடிய விடியப் பாடினாள். காலனிக் கிழவிகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள், கேட்க வந்த எங்கள் தெருக்காரர்களும்தான். மறுநாளிலிருந்து அவளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது இப்படிப் பழைய குடும்ப அட்டை, சிலோன் பாஸ்போர்ட், ரசீது எதுவாக இருந்தாலும், தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் எழுத்து போய்விடலாம், அப்புறம் உண்மைச் சான்றா என்று சந்தேகப்படுவார்கள். செலோடேப்பும் ஒட்டாதீர்கள், மஞ்சளாகிவிடும். சும்மா ஒரு பிளாஸ்டிக் ஷீட்டுக்குள் வைத்து, ஸ்கேன் எடுத்து, இரண்டு மூன்று பேர் போனில் அனுப்பி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே பூர்வீக ஊர், தோட்டத்துப் பெயர், தாத்தாவின் பட்டப்பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிவையுங்கள். கோத்தகிரிப் பக்கம் இருந்தால் என் கடைக்கு எடுத்து வாருங்கள், இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

வரும் திங்கள் ஊட்டியில் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். மனு தயார், இணைப்புகள் பதினொன்று, பாட்டி டின்னையே கொண்டு வருவேன் என்று அடம் பிடிக்கிறார். காலை முதல் பஸ்ஸில் நாலு பேர் போகிறோம், குழந்தையையும் சேர்த்து. அந்த முசிறிப் பெரியவர் இப்போது இல்லை, அதனால் எங்கள் தெருவிலிருந்து ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவரும் கூட வருகிறேன் என்றிருக்கிறார். கடை அன்றைக்கு மதியத்துக்கு மேல்தான் திறக்கும்.